ஐந்து மாதமாகக் கடலையை நிறுத்தியிருக்கிறோம்: ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டால் அது ஒவ்வாமைதானா?

கேள்வி: வாய்க்கால்மேடு (கோவை)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கரை வயது. நான்காம் மாதத்திலிருந்தே முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்புறத்திலும் அவனுக்குக் கரப்பான் உண்டு. சென்ற ஆடிக்காற்று தொடங்கியதிலிருந்து, காலையில் கண் விழித்ததும் பத்துப் பதினைந்து தும்மல் போட்ட பிறகுதான் அவனால் பல் துலக்கவே முடிகிறது. உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மருத்துவர் எழுதிக் கொடுக்காமலேயே ஒரு தனியார் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்து, எண்பதுக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு ஒவ்வாமை பார்த்தோம்.

அறிக்கை மூன்று பக்கத்துக்கு வந்தது. சிவப்பு எழுத்தில் இருந்தவற்றை அப்படியே எழுதுகிறேன்: நிலக்கடலை 1.9, கொண்டைக்கடலை 0.8, கத்தரிக்காய் 0.6, எள் 0.5, கரப்பான்பூச்சி 4.2, வீட்டுத்தூசியில் வாழும் உண்ணி 38. நோய்க்கும் பூச்சிக்கும் ஒரே பெயர் என்பதால், பூச்சிதான் தோல் நோயைக் கொண்டுவந்தது என்று என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். அது தனிக் கதை. அறிக்கையைப் பார்த்த ஒரு மருத்துவர், சிவப்பில் உள்ள உணவுகளை எல்லாம் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அன்றைக்கு நிறுத்திய கடலையையும் கொண்டைக்கடலையையும் கத்தரிக்காயையும் இன்றுவரை நாங்கள் கொடுக்கவில்லை. ஐந்து மாதம் ஆகிறது, கரப்பான் குறையவில்லை.

எட்டாம் மாதத்திலிருந்து கடலைச் சட்னி தின்று வளர்ந்த பிள்ளை அவன். கோபிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்குப் போனால், அவித்த கடலைக்காயை அமுச்சி (என் அம்மா) உரித்து நசுக்கிக் கொடுக்கக் கொடுக்க மடியில் உட்கார்ந்து தின்பான். ஒரு நாளும் தடிப்போ வாந்தியோ வந்ததில்லை. "கடலைக்காட்டிலேயே பிறந்து வளர்ந்த குடும்பத்தில் கடலை எப்படியம்மா விஷமாகும்?" என்று அமுச்சி கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மெல்போர்னில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு, பதினோராம் மாதத்தில் ஒரு துளி முந்திரி விழுது வாயில் பட்டதும் முகம் வீங்கி, அடுத்தடுத்து வாந்தி எடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டியதாயிற்று. எனவே இதை அலட்சியப்படுத்தவும் மனம் வரவில்லை.

இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? எங்கள் தலைமுறையில் கேள்விப்படாத உணவு ஒவ்வாமை இப்போது எங்கிருந்து வந்தது? பிள்ளையைத் தோட்டத்திலேயே விட்டு வளர்த்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்களே, அதில் உண்மை இருக்கிறதா?

மறுமொழி 1: காவிரிக்கரை மருத்துவர் (ஈரோடு)

சகோதரிக்கு வணக்கம். ஈரோட்டில் இருபது ஆண்டுகளாகக் குழந்தை மருத்துவம் பார்த்துவருகிறேன். உங்கள் மகனை நேரில் பார்க்காததால் அவனுக்கென்று மருந்து எதுவும் இங்கே சொல்லமாட்டேன். ஆனால் இதே மூன்று பக்கக் காகிதத்தோடு வாரத்துக்கு இரண்டு மூன்று பெற்றோராவது என் அறைக்கு வருவதால், அதைப் படிக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பரிசோதனை அளப்பது ஐ.ஜி.ஈ என்னும் எதிர்ப்புரதத்தை. 1966-இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானிய இணையரான இஷிசாகாக்கள் அதை இனங்கண்டார்கள். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை எதிர்க்க உடல் வைத்திருக்கும் ஆயுதம் அது என்பது பொதுவான கருத்து. நிலக்கடலைக்கு எதிரான ஐ.ஜி.ஈ ஒரு பிள்ளையின் ரத்தத்தில் இருந்தால், அவன் உடல் கடலையை அடையாளம் குறித்து வைத்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். இதை உணர்வேற்றம் என்கிறோம். கடலையைத் தின்ற சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ வீக்கமோ வாந்தியோ மூச்சிரைப்போ வந்தால்தான் அது ஒவ்வாமை. மொய் நோட்டில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் நமக்குப் பகையாளி ஆகிவிடுவதில்லை.

இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு நம் பகுதியில் எவ்வளவு பெரிது என்பதற்கு அண்டை மாநிலத்திலேயே சான்று உண்டு. யூரோபிரிவால் என்ற பன்னாட்டு ஆய்வின் இந்தியப் பகுதி கர்நாடகத்தில் நடந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐ.ஜி.ஈ இருந்தது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கணிக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு ஓரிருவர்தான். புல், களை, மரம் ஆகியவற்றின் மகரந்தத்திலும், பருப்பு, காய், விதை ஆகியவற்றிலும் ஒரே அமைப்புள்ள சர்க்கரைச் சங்கிலிகளும் சில புரதங்களும் இருக்கின்றன. மூக்கின் வழியாக மகரந்தத்தைக் குறித்துக்கொண்ட உடல், அதே சாயலில் இருக்கும் கொண்டைக்கடலையையும் கத்தரிக்காயையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறது. ஆய்வகக் கருவி அந்தச் சாயலையும் எண்ணிக் காட்டிவிடும். பிள்ளையின் வயிற்றுக்கோ அது ஒரு பொருட்டே இல்லை. 0.35 என்ற எல்லையைத் தாண்டிய எல்லாவற்றையும் சிவப்பில் அச்சடிப்பது ஆய்வகத்தின் வழக்கம். அதனால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தின்று எதுவும் ஆகாத பிள்ளைக்கு வரும் 1.9 என்ற எண்ணைக் காட்டிலும், அமுச்சியின் மடியில் அவன் தின்ற கடலைதான் நல்ல பரிசோதனை.

ஆனால் இப்போது நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கரப்பான் உள்ள பிள்ளை, உணர்வேற்றம் இருந்தும் தடையின்றித் தின்றுவந்த உணவைப் பல மாதம் நிறுத்திவிட்டால், அதுவரை இருந்த தாங்குதிறன் போய், மறுபடி கொடுக்கும்போது உண்மையான ஒவ்வாமையாக வெளிப்படக்கூடும். ஐந்து மாத இடைவெளி விழுந்துவிட்டது. ஆகவே இந்தப் பதிலைப் படித்ததும் இன்றிரவே கடலைச் சட்னி அரைத்துவிட வேண்டாம். கண்காணிப்பு வசதியுள்ள மருத்துவமனையில், சிட்டிகையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்க்கும் முறை இருக்கிறது. அரை நாள் ஆகும். அதைச் செய்துகொண்ட பிறகு முடிவெடுங்கள்.

நிறுத்திவைப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் மருத்துவர்களாகிய எங்களிடமிருந்தே பரவியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று வயதுவரை கடலை கொடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அறிவுறுத்தியது. 2008-இல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டில், லண்டனில் வளரும் யூதப் பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை இஸ்ரேலில் வளரும் யூதப் பிள்ளைகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று லண்டன் மருத்துவர் கிடியோன் லேக்கின் குழுவினர் காட்டினார்கள். இஸ்ரேலில் பல் முளைக்கும் முன்பே பிள்ளைகள் கடலை சேர்த்த பொரியைச் சப்பத் தொடங்கிவிடுகிறார்கள். அதன் தொடர்ச்சியாக, கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஐந்து வயதுவரை கடலை உணவு கொடுத்தும் மற்றதற்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். 2015-இல் வந்த முடிவின்படி, தவிர்த்த பிள்ளைகளில் 17 விழுக்காட்டினருக்கும், தின்ற பிள்ளைகளில் 3 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது. தோல் பரிசோதனையில் தொடக்கத்திலேயே பெரிய தடிப்பு வந்த குழந்தைகளை அவர்கள் இந்தச் சோதனையில் சேர்க்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

வாய் வழியாகப் போனால் பழகிக்கொள்ளும் உடல், வெடித்த தோலின் வழியாக அதே பொருள் நுழைந்தால் பகைத்துக்கொள்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தோலில் பூசிய பிள்ளைகளிடம் கடலை ஒவ்வாமை கூடுதலாக இருந்ததை 2003-இல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது. எனவே கரப்பான் புண்ணாக இருக்கும் இடங்களில் கடலை மாவையும் பயத்தமாவையும் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டாம் என்று என்னிடம் வரும் பாட்டிகளிடம் சொல்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

உங்கள் அறிக்கையில் நான் முதலில் பார்ப்பது கடைசியில் நீங்கள் எழுதிய 38-ஐத்தான். காலைத் தும்மலோடு பொருந்திவரும் எண் அது.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் (கோபிசெட்டிபாளையம்)

அம்மணி, மருத்துவர் சோறு பற்றிச் சொல்லிவிட்டார். நான் மண்ணையும் காற்றையும் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லை என்று என் வயதுக்காரர்கள் சொல்வதை முழுதாக நம்பாதீர்கள். என்னோடு படித்தவர்களில் இழுப்பு என்று வாரத்துக்கு இரண்டு நாள் பள்ளிக்கு வராத பையன் ஒருவன் இருந்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் அவன் வரவே இல்லை. கத்தரிக்காயும் கருவாடும் சோளமும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் உங்கள் ஆய்வகத்துக்கு முன்பே இங்கே இருந்தது. பார்வைக்கு வராமல் இருந்தது ஒரு பங்கு, உண்மையிலேயே கூடியது ஒரு பங்கு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிதல்ல.

கூடியதற்கான காரணத்தை முதலில் தொட்டவர் டேவிட் ஸ்ட்ராக்கன் என்ற பிரிட்டன் ஆய்வாளர். 1958-இல் ஒரே வாரத்தில் பிறந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட பிரிட்டன் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து, மூத்த அண்ணன் அக்கா கூடக் கூட ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒவ்வாமை வரும் வாய்ப்புக் குறைகிறது என்று 1989-இல் அவர் எழுதினார். வீட்டில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஒட்டவைக்கும் சளியும் அழுக்கும் இளம் வயதில் உடலுக்குப் பயிற்சியாகிறது என்பது அவருடைய ஊகம். கொங்குநாட்டில் ஒற்றைப் பிள்ளைக் குடும்பங்கள் எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. கல்யாணத் தரகர்களைக் கேட்டாலே சொல்வார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள், பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை. அறுவைப் பிரசவத்தில் தாயின் உடலிலுள்ள நுண்ணுயிரிகள் குழந்தைக்குச் சேருவது மாறிப்போகிறது என்பது தெரிந்ததே. அதுதான் ஒவ்வாமைக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை.

புகையும் தூசியும்தான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, எரிகா வான் மூட்டியஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். நிலக்கரிப் புகை சூழ்ந்த கிழக்கு ஜெர்மனிப் பிள்ளைகளுக்கு மார்ச்சளி அதிகம், ஆனால் ஒவ்வாமை குறைவு. காற்று சுத்தமான மியூனிக் பிள்ளைகளுக்குத்தான் ஒவ்வாமை அதிகம். இரு ஜெர்மனியும் இணைந்த பின், கிழக்குப் பகுதியில் உள்ள லைப்சிக் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை 1991-92இலும் 1995-96இலும் சோதித்தபோது, உணர்வேற்றம் உள்ளவர்கள் 19 விழுக்காட்டிலிருந்து 27 விழுக்காட்டுக்கு நெருங்கிவிட்டிருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் ஒரு மக்கள்கூட்டத்தின் மரபணு மாறாது. மாறியது வாழ்க்கைமுறைதான்.

தோட்டத்தில் விட்டு வளர்ப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு உழவர் சமூகங்கள் உண்டு. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, மரபிலும் உணவிலும் நெருங்கியவை. ஆமிஷ் மக்கள் குதிரை பூட்டி உழுது, வீட்டை ஒட்டியே மாடு கட்டி வாழ்பவர்கள். ஹட்டரைட் மக்கள் குடியிருப்பிலிருந்து விலகிய பெரும் பண்ணைகளில் இயந்திரம் கொண்டு உழுபவர்கள். ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 விழுக்காடு, ஹட்டரைட் பிள்ளைகளில் 21. இரு தரப்பு வீடுகளின் தூசியையும் ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஆமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாக்களின் உடலிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் என்ற பொருள் ஏழு மடங்கு அளவுக்கு இருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா வராமல் காத்தது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பழைய தோட்டத்துக் குடிசை, அந்தச் சாளைதான் நினைவுக்கு வந்தது. கட்டுத்தரைக்கும் நாங்கள் படுக்கும் திண்ணைக்கும் நடுவே பத்தடிகூட இராது. மாடு அசை போடும் சத்தத்தில்தான் தூங்குவோம். இன்றைக்குத் தோட்டம் என்றால் என்ன? தென்னைக்கு நடுவே டைல்ஸ் போட்ட வீடு, மாடு இல்லை, பாக்கெட் பால், வாசல் முழுக்கச் சிமெண்ட். அது ஹட்டரைட் தோட்டம், அம்மணி. அதில் கொண்டுபோய்ப் பிள்ளையை விட்டு என்ன ஆகப்போகிறது? மேலும் அந்தப் பாதுகாப்பு, தாயின் வயிற்றில் இருக்கும்போதும் முதல் ஓரிரு ஆண்டிலும் கிடைத்தால்தான் பெரிதும் உதவுகிறது. நான்கரை வயதில் மூக்கு ஒவ்வாமை வந்த பிள்ளையை வைக்கோல் போருக்குள் விளையாட விட்டால் இழுப்புதான் வரும்.

செடிகளும் மாறிவிட்டன. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலியும் வெள்வேலமும் கொழுக்கட்டைப் புல்லும் இருந்தன. அந்தப் புல்லின் மகரந்தமும் சிலருக்கு ஆகாது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அதன்மேல் வந்து உட்கார்ந்தவை வேலிக்காத்தானும் (சீமைக்கருவேலம்) பார்த்தீனியமும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். வேலிக்காத்தான் மகரந்தம் இந்தியா முழுவதும் ஒவ்வாமைப் பரிசோதனையில் அடிக்கடி தட்டுப்படுவது. பார்த்தீனியம் தோலுக்கும் ஆகாது, மூக்குக்கும் ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும்போது உங்கள் மகனுக்குத் தும்மல் தொடங்கியதென்றால், களை பூத்திருக்கும் காலிமனை ஏதாவது வீட்டுக்கு மேற்கே இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சாம்பிராணிப் புகை போட்டால் பூச்சியும் போகும், சளியும் கட்டாது என்பது என் அனுபவம்.

மறுமொழி 3: பவர்டேபிள் (திருப்பூர்)

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். சாம்பிராணிப் புகையில்தான் என் மகளுக்கு முதல் முறை மூச்சிரைப்பு வந்தது. புகை ஒவ்வாமைப் பொருள் அல்ல. ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் மூச்சுக்குழலை அது உறுத்துகிறது என்று மருத்துவர் விளக்கினார். கொசுவர்த்திச் சுருளுக்கும் அதே கதைதான்.

வீட்டு மாடியிலேயே தையல் யூனிட் வைத்திருந்ததால், பஞ்சுத் தூசிதான் காரணம் என்று சொல்லாத உறவினர் இல்லை. வாடகை கொடுத்து யூனிட்டை வேறு இடத்துக்கு மாற்றியும் தும்மல் நிற்கவில்லை. அதன் பிறகுதான் தோல் குத்துப் பரிசோதனை செய்தோம். முன்கையில் பேனாவால் வரிசையாகப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு துளி விட்டு, துளியின் மேல் ஊசி முனையால் லேசாகக் கீறினார்கள். ரத்தம்கூட வரவில்லை. பதினைந்து நிமிடத்தில், கட்டாயம் வீங்க வேண்டிய ஹிஸ்டமின் புள்ளியைத் தவிர இரண்டே இடங்கள் கொசு கடித்ததுபோல் வெளுத்துத் தடித்தன: ஒன்று தூசி உண்ணி, இன்னொன்று கரப்பான்பூச்சி. பஞ்சு அப்படியே இருந்தது.

உண்ணி எங்கே இருந்தது தெரியுமா? எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையில். பதினான்கு வருடமாக அதில்தான் மூன்று பேரும் படுத்திருந்தோம். ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத உயிரி. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று, மெத்தையின் ஈரப்பதத்தில் வாழ்கிறது. ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம்தான். அதனால் உண்ணி செத்தாலும் எச்சத்தை அப்புறப்படுத்தாவிட்டால் பயனில்லை. புது மெத்தைக்கும் தலையணைக்கும் ஜிப் வைத்த நெருக்கமான நெசவு உறை போட்டோம். விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். சித்திரை வெயிலில் மெத்தையை நாள் முழுக்க மொட்டைமாடியில் போட்டுத் தட்டி எடுக்கிறோம். தும்மல் பாதிக்குமேல் குறைந்தது. முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். உள்ளிழுக்கும் மருந்தும் தினமும் நடக்கிறது. பஃப் பழகிவிடும் என்று பயந்து ஒரு வருடம் தள்ளிப்போட்டதை நினைத்தால்தான் இப்போது வருத்தமாக இருக்கிறது.

மறுமொழி 4: பொள்ளாச்சிக்காரி (மெல்போர்ன்)

உங்கள் அக்கா இருக்கும் ஊரில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். இங்கே ஹெல்த்நட்ஸ் என்ற ஆய்வில் ஒரு வயதுக் குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே உணவைக் கொடுத்துப் பார்த்துப் பதிவு செய்தார்கள். பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் உண்மையான உணவு ஒவ்வாமை இருந்தது; முட்டைதான் முதலிடம். அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொன்று: ஆசியாவில் பிறந்து பிறகு இங்கே வந்த பிள்ளைகளுக்குக் கொட்டை ஒவ்வாமை குறைவு, அதே ஆசியப் பெற்றோருக்கு இங்கேயே பிறக்கும் பிள்ளைகளுக்கோ உள்ளூர்ப் பிள்ளைகளைவிட அதிகம். உங்கள் மகனும் உங்கள் அக்கா மகளும் ஒரே அமுச்சியின் பேரப்பிள்ளைகள். ஆசிரியர் சொன்ன லைப்சிக் கதை உங்கள் குடும்பத்துக்குள்ளேயே நடந்திருக்கிறது.

ஆனால் உங்கள் மகனுடைய காகிதத்தையும் அந்தப் பெண்குழந்தைக்கு நேர்ந்ததையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அவளுக்கு வந்தது சோதனைக்குழாயில் அல்ல, உடம்பில். அவர்கள் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். முந்திரி ஆகாத பிள்ளைக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. இரண்டும் நெருங்கிய உறவு. நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் முந்திரி கண்ணுக்குத் தெரிந்தா இருக்கிறது? கேசரியிலும் பாயசத்திலும் இருந்தால் பார்த்து ஒதுக்கலாம். குருமாவில் அரைத்து ஊற்றியிருப்பார்கள், சமையல் மாஸ்டரைக் கேட்டால் "கொஞ்சம்தாங்க போட்டிருக்கு" என்பார். சென்ற தையில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அப்படித்தான் சொன்னார்கள். என் மகனுக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்ததால் பிழைத்தோம்.

அட்ரினலின் பேனா ஊசியை அவர்கள் இங்கிருந்தே கொண்டுவரட்டும். அங்கே மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்காது. மூச்சுத் திணறலோ, குரல் மாறுவதோ, துவண்டு விழுவதோ வந்தால் அரிப்பு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசியைப் போட்டு, படுக்கவைத்து (மூச்சுத் திணறினால் உட்காரவைத்து), உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாய்க்கால்மேடு (கேள்வி கேட்டவர்), ஏழு வாரங்களுக்குப் பிறகு

நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இராது என்பதால் எழுதுகிறேன். கோவையில் ஒரு குழந்தை ஒவ்வாமை மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது பிள்ளை இதுவரை என்னென்ன தின்றிருக்கிறான் என்பதைத்தான். அறிக்கையை அரை நிமிடம் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிட்டார். சென்ற வாரம் காலை எட்டு மணிக்கு மருத்துவமனையில் சேர்த்து, வறுத்துப் பொடித்த கடலையைத் தயிரில் கலந்து, கத்தி முனையளவில் தொடங்கி இருபது முப்பது நிமிட இடைவெளியில் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறையும் செவிலியர் சட்டையைத் தூக்கி வயிற்றையும் முதுகையும் பார்ப்பார். நான் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி அளவு ஒரு சிறு கைப்பிடிக் கடலைக்குச் சமம் என்றார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒரு தடிப்புகூட இல்லை. அமுச்சி அவித்த கடலைக்காயைத் தூக்குப்போசியில் கொண்டுவந்து வராந்தாவிலேயே காத்திருந்தார். அன்றைக்கே கொடுக்கக் கூடாது என்று சொல்லி அதைச் செவிலியர்களே தின்று முடித்தார்கள்.

இனி வாரம் இரண்டு மூன்று முறையாவது, நசுக்கியோ பொடித்தோ, விடாமல் கொடுத்துவர வேண்டுமாம். முழுக் கடலை ஐந்து வயதுக்குள் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் கூடாது. கொண்டைக்கடலைக்கும் கத்தரிக்காய்க்கும் ஆஸ்பத்திரிச் சோதனை தேவையில்லை என்று, அவர் எழுதிக் கொடுத்த அளவில் வீட்டிலேயே தொடங்கியாயிற்று. கத்தரிக்காய் மட்டும் தனக்கு ஒவ்வாமைதான் என்று மகன் பிடிவாதமாகச் சாதிக்கிறான். கரப்பானுக்குக் குளித்த மூன்று நிமிடத்துக்குள் ஈரப்பத களிம்பும், சிவந்த இடத்தில் அவர் எழுதிய மருந்தும் பூசுகிறோம். முழங்கை மடிப்பு இப்போது சொரசொரப்பு மட்டும்தான். மெத்தைக்கு உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னபடி மேற்கே போய்ப் பார்த்தேன்: காலிமனை இருக்கிறது, இடுப்பளவு பார்த்தீனியம் பூத்து நிற்கிறது. மனைக்காரர் துபாயில் இருக்கிறாராம்.

ஒரு சந்தேகம் மருத்துவர் ஐயாவுக்கு. எள்ளுக்கு 0.5 என்று இருந்தது. ஆனால் அதை நிறுத்த மறந்தே போய்விட்டோம். இட்லிப் பொடியிலும் எள்ளுருண்டையிலும் இத்தனை மாதமும் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறான். இனி என்ன செய்வது?

காவிரிக்கரை மருத்துவர் (ஈரோடு)

மறந்தது நல்லதாகப் போயிற்று. அப்படியே தொடருங்கள், எள்ளுக்குத் தனிச் சோதனை வேண்டாம். பார்த்தீனியத்தைப் பிடுங்க ஆள் விட்டால், கையுறை போட்டுப் பிடுங்கச் சொல்லுங்கள். இப்போது பூத்து நிற்பதால் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மட்டும் மகனை அமுச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.